உட்கார்ந்து குடிக்காத மனிதர்

அத்தியாயம் 14

ஸ்ட்ரெச்சரில் வந்தவரின் முகத்தை ஸ்மிஜா முதலில் பார்க்கவில்லை. வேட்டியைத்தான் பார்த்தாள். அன்று காலை அவளே இஸ்திரி போட்டுக் கொடுத்த நீலக்கரை வேட்டி அது. போன வாரம் நாம் அந்தக் கரையோடு நின்றுவிட்டோம்.

வந்தவர் அவளுடைய மாமனார் சுகதன்தான். அரசு பஸ்ஸில் முப்பத்தோரு வருடம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஊர் வாசகசாலையின் தலைவர். பத்தேமுக்கால் மணிக்கு வாசகசாலைப் படியில் இறங்கும்போது கால் தவறி விழுந்திருக்கிறார். இடது தொடை எலும்பு இடுப்பை ஒட்டி முறிந்திருந்தது. பயப்பட ஒன்றுமில்லை, நாளைக் காலை ஏழு மணிக்கு ஆபரேஷன், ஓணத்துக்குள் எழுந்து நடந்துவிடுவார் என்று எலும்பு டாக்டர் சொன்னார்.

ஸ்மிஜாவுக்குப் போன உயிரில் பாதி திரும்பி வந்தது. கணவன் அனுரூப் மஸ்கட்டில் இருக்கிறான். சேர்த்தலையில் அந்த வீட்டில் இருப்பது மூன்றே பேர். அதில் இவருக்கு ஒன்று ஆகிவிட்டால் மாமியார் விலாசினிக்கும் அவளுக்கும் நடுவில் பேச ஆளில்லை. கதையை முதலிலிருந்து படித்து வருகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சங்கதி என்று தெரியும். மீன் கறியில் புளி கூடிப்போனதைக்கூட விலாசினி கணவரிடம்தான் சொல்வார். அவர் அதைச் சர்க்கரை தடவி மருமகளிடம் கொண்டு வந்து சேர்ப்பார்.

இங்கே ஸ்மிஜாவின் வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரியில் அவளுக்கு மஞ்சள் கார்டு சிஸ்டர் என்று பெயர். கேஷுவாலிட்டிக்கு யார் வந்தாலும், வெட்டுக்காயமானாலும் நெஞ்சுவலியானாலும், குடிப்பழக்கத்தைப் பற்றி நாலு கேள்வி கேட்டு மஞ்சள் கார்டில் எழுத வேண்டும். ஆள் பார்த்துக் கேட்கக் கூடாது, எல்லோரிடமும் கேட்க வேண்டும். குளவி கொட்டி வந்த கோயில் தலைமைப் பூசாரி மேல்சாந்தியிடமும் கேட்டாகிவிட்டது, மீன் முள் சிக்கி வந்த, பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் முக்ரியிடமும் கேட்டாகிவிட்டது. மேல்சாந்தி சிரித்தார். முக்ரி மூன்று நாள் யாரோடும் பேசவில்லை.

போன மழைக்காலத்தில் ஓடு மாற்றும் தொழிலாளி ஒருவர் காலை உடைத்துக்கொண்டு வந்தார். சொட்டுக்கூடத் தொட மாட்டார் என்று மனைவி மானத்துக்குப் பயந்து சொல்லிவிட்டாள். ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. மூன்றாம் நாள் அவர் கட்டில் முழுக்கப் பாம்பு என்று கத்தி, ட்ரிப்பைப் பிடுங்கி எறிந்து, வலிப்பு வந்து போய்ச் சேர்ந்தார். தினமும் குடிப்பவன் திடீரென்று நிறுத்தினால் உடம்பு அப்படித்தான் திருப்பி அடிக்கும். முன்னாலேயே தெரிந்திருந்தால் மருந்து கொடுத்துக் காப்பாற்றியிருக்கலாம். அந்த வாரமே டாக்டர் ரஸியா இந்தக் கார்டைக் கொண்டுவந்தார்.

டாக்டர் ரஸியா கெட்டிக்காரி. "குடிப்பீங்களா" என்று கேட்டால் மலையாள தேசத்தில் பிறந்த எந்த ஆணும், பக்கத்தில் மனைவி நிற்கும்போது, ஆமாம் என்று சொல்ல மாட்டான் என்று அவருக்குத் தெரியும். அதனால் குடிப்பதாகவே வைத்துக்கொண்டு, ஒரே இருப்பில், அதாவது ஒரு தடவை உட்கார்ந்தால், எத்தனை கிளாஸ் என்று முதல் கேள்வியை அமைத்தார். ஆட்கள் யோசிக்காமல் எண்ணைச் சொல்லிவிடுவார்கள். ஒன்று என்றால் மூன்று என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கல்யாணம் காட்சிக்கு மட்டும் என்றால் தினமும். இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னால் பூஜ்யம் போட்டுவிட்டு, மற்ற மூன்று கேள்விகளையும் விட்டுவிடலாம்.

சொந்தக்காரர்களைச் சொந்தக்காரர்கள் கேட்கக் கூடாது என்பதும் விதி. அதனால் ஸ்மிஜா வராந்தாவுக்கு வந்துவிட்டாள், அவளோடு வேலை பார்க்கும் சிஸ்டர் ஜெஸி கார்டோடு உள்ளே போனாள். விலாசினி அந்த நேரம்தான் வந்து சேர்ந்தார். மகளிர் மதுவிலக்குச் சமிதியின் துணைத் தலைவி. வாசகசாலைக்குப் பக்கத்துக் கட்டடத்தில் பார் வந்தபோது, பதாகை பிடித்துக்கொண்டு இருபத்திரண்டு நாள் வெயிலில் நின்றவர். அந்தப் போராட்டத்துக்கு வாசகசாலைத் தலைவரின் கையெழுத்து மட்டும் கிடைக்கவில்லை. வாசகசாலை நடுநிலையாக இருக்க வேண்டும் என்று சுகதன் சொல்லிவிட்டார்.

ஜெஸி இரண்டே நிமிடத்தில் வெளியே வந்தாள். பூஜ்யம், உன் அச்சன் தங்கம் என்று ஸ்மிஜாவின் காதில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போனாள். காதில் சொன்னது விலாசினிக்கும் கேட்டுவிட்டது. இதையெல்லாம் கேட்டா தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல அவர் தோளைக் குலுக்கினார். ஸ்மிஜாவுக்கு உயிரின் மறு பாதியும் வந்து சேர்ந்தது.

*

மத்தியானம் சுகதனை மாடி வார்டுக்கு மாற்றினார்கள். மூன்றரை மணிக்கு ஸ்மிஜா டீ எடுத்துக்கொண்டு மேலே போனாள்.

அவர் கிளாஸை வாங்கக் கை நீட்டினார். கை ஆடியது. வாங்கிய கிளாஸ் பல்லில் பட்டு டக் டக் என்று சத்தம் கேட்டது. பாதி டீ போர்வையில் கொட்டியது. நெற்றி முழுக்க வியர்வை. ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது, வார்டில் மற்ற எல்லோரும் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்கள்.

ஸ்மிஜா நாடி பார்த்தாள். நூற்றுப் பதினெட்டு.

வலியினால் இருக்கும் என்று முதலில் நினைத்தாள். விலாசினி கொட்டிய டீயைத் துண்டால் துடைத்தபடி, இது பழைய நடுக்கம், ரெண்டு வருஷமா காலையில வருது என்றார், வழக்கம்போலச் சுகதனைப் பார்த்தே. அடுத்து ஒன்று சொன்னார்.

"வாசகசாலைக்குப் போய் வந்தா சரியாயிடும். பேப்பர் படிச்சா மனசு அடங்கும்ல."

சொல்லிவிட்டு மாற்று வேட்டியும் கஞ்சியும் எடுத்துவர பஸ் ஏறப் போய்விட்டார். சுகதன் கண்ணை மூடிக்கொண்டார்.

ஸ்மிஜா அப்படியே நின்றாள். பேப்பர் படித்துக் கை நடுக்கம் நின்ற நோயாளியை அவள் இத்தனை வருட வேலையில் பார்த்ததில்லை. கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய கோப்பை எடுத்து மஞ்சள் கார்டைப் பிரித்தாள். முதல் கேள்விக்கு நேரே ஜெஸி பெரிய பூஜ்யம் போட்டிருந்தாள். ஒழுங்கான பெண் என்பதால், பக்கத்தில் நோயாளி சொன்னதையும் சொன்னபடியே எழுதியிருந்தாள்.

'உட்கார்ந்து குடித்ததே கிடையாது.'

ஸ்மிஜா அந்த வரியை மூன்று முறை படித்தாள்.

குடிக்காதவன் "இல்ல" என்பான். கோபக்காரனாக இருந்தால் "என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது" என்பான். உட்கார்ந்து குடித்ததில்லை என்று யார் சொல்வார்கள்? அவளுடைய மாமனாரைத் தவிர வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். சுகதன் பொய் சொல்லாதவர் என்று ஊரே சொல்லும், அது உண்மையும்கூட. ஆனால் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்வார். அனுரூப் சின்னப் பையனாக இருந்தபோது, தேங்காய் மிட்டாய் வாங்கினீங்களா அச்சா என்று கேட்டால், வாங்கினேன் என்பாராம். எங்கே என்று இன்னொரு முறை கேட்டால்தான், பஸ்ஸிலேயே தின்று தீர்த்தது தெரியவருமாம்.

வாசகசாலை. பக்கத்துக் கட்டடத்தில் பார். பார் திறப்பது பதினொரு மணிக்கு. அவர் தினமும் வீடு திரும்புவது பதினொன்றேமுக்காலுக்கு.

நில்பன். அந்த வார்த்தை ஸ்மிஜாவின் நெஞ்சில் கல்லாக வந்து விழுந்தது. பாரில் போய் மேஜை போட்டு உட்கார்ந்து, தொட்டுக்கொள்ள வாங்கி, மணிக்கணக்காகப் பேசிக் குடிப்பவர்கள் ஒரு ஜாதி. கவுண்டரில் நின்றபடியே ஒரே மடக்கில் இறக்கிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு இரண்டே நிமிடத்தில் வெளியே வருகிறவர்கள் இன்னொரு ஜாதி. நின்று அடிப்பதால் அதற்கு நில்பன் என்று பெயர். கௌரவமானவர்களின் குடி அது. நில்பன் அடிக்கிறவர்கள் யாரும் தங்களைக் குடிகாரர் என்று நினைப்பதில்லை.

டாக்டர் ரஸியாவின் கெட்டிக்காரக் கேள்வி அந்தக் கவுண்டரில் நிற்பவர்களைத் தொடாமலே தாண்டிப் போய்விட்டது.

விழுந்தது பதினொரு மணிக்கு முன்னால் என்பதால் இன்று வாயில் வாசனையும் இல்லை. அப்படியானால் கடைசியாக உள்ளே போனது நேற்றுச் சாயங்காலம். இருபது மணி நேரம் ஆகிவிட்டது. நாளை ஏழு மணிக்கு ஆபரேஷன். அதற்கடுத்த நாள், ஓடு மாற்றும் தொழிலாளியைப் போல இவரும் ட்ரிப்பைப் பிடுங்கினால்?

ஜெஸி இரண்டு மணிக்கே வீட்டுக்குப் போயிருந்தாள். டாக்டரிடம் நேராகச் சொல்லலாம். ஆனால் வெறும் சந்தேகத்தை வைத்துக்கொண்டு, மதுவிலக்குச் சமிதித் துணைத் தலைவியின் கணவரைக் குடிகாரர் என்று மருமகளே சொல்லி, அது இல்லையென்று ஆகிவிட்டால் அந்த வீட்டு வாசற்படியை அவள் மறுபடி மிதிக்க முடியாது. கேட்கலாமென்றால் அது விதிக்கும் விரோதம், முறைக்கும் விரோதம். எந்த மருமகள் மாமனாரிடம் போய் இதைக் கேட்பாள்? ஸ்மிஜாவுக்கு அழுகை வந்தது. அழுவதற்கு நேரமில்லை என்பதும் தெரிந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டாள்.

"அச்சா."

அவர் கண்ணைத் திறந்தார்.

"ஜெஸி உட்கார்ந்து குடிக்கிறதைப் பத்திக் கேட்டா. நான் நின்னு குடிக்கிறதைக் கேக்குறேன்."

சுகதன் பார்வையை மின்விசிறிக்கு மாற்றினார்.

"அதை யாரும் கேக்கல மோளே."

"இப்போ நான் கேக்குறேன்ல."

"திறந்ததும் ரெண்டு. சாயங்காலம் நாலு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "மழைன்னா அஞ்சு" என்றார்.

ரிட்டயர் ஆன மறுநாள் தொடங்கியதாம், இப்போது ஏழு வருடம். வேலையில் இருந்தவரை தொட்டதில்லை என்பதை மட்டும் அழுத்திச் சொன்னார். ஸ்மிஜா அதை அப்படியே நம்பினாள்.

"அம்மா அந்த பார் முன்னாடி இருபத்திரண்டு நாள் நின்னாங்களே அச்சா. அப்போ என்ன பண்ணீங்க?"

"அவ வெளியே நின்னா. நான் உள்ளே நின்னேன்." பிறகு, சாட்சிக் கூண்டில் நிற்பவரைப் போல, "பின்பக்கம் ஒரு வாசல் இருக்கு" என்றார்.

ஸ்மிஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரிக்கும்போதே கண்ணீரும் வந்தது. அவர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் அவருடைய வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, யாரும் கேட்காததை அவராகச் சொன்னார்.

"இன்னைக்குக் கை ரொம்ப ஆடிச்சு மோளே. பேப்பரைப் பிடிக்க முடியல. பதினொண்ணாக இன்னும் கால் மணி இருந்தது, திறக்குறப்போ முதல் ஆளா நிக்கலாம்னு அவசரமா இறங்கினேன். படி ரெண்டா தெரிஞ்சது." ஆடுகிற கையை மற்றொரு கையால் பிடித்துக்கொண்டார். "நிறுத்தணும்னு எத்தனையோ தடவை நினைச்சேன். நிறுத்தினா கை ஆடுது. கை ஆடினா விலாசினி பயந்து போயிடுறா. அவ பயப்படுறாளேன்னே மறுபடி போயிடுவேன்."

ஸ்மிஜா அந்த இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

*

டாக்டர் ரஸியா திட்டவும் இல்லை, அதிர்ச்சி காட்டவும் இல்லை. விட்டுப்போன மூன்று கேள்விகளையும் தானே கேட்டு எழுதினார். மயக்க மருந்து டாக்டருக்குப் போன் போட்டார். ஆபரேஷன் ஒரு நாள் தள்ளிப்போனது. நடுக்கத்துக்கு மருந்தும் வைட்டமின் ஊசியும் அப்போதே தொடங்கினார்கள். இரண்டு மணிக்கொரு முறை நாடி பார்க்கச் சொல்லி எழுதிவைத்தார்.

வெளியே வந்ததும்தான் ஸ்மிஜாவின் தோளில் கை வைத்தார். நாளை மறுநாள் ராத்திரி இது தெரியவந்திருந்தால் நான் உனக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன் என்றார். பேனாவை எடுத்து, மேஜையில் இருந்த கார்டுக் கட்டில் முதல் கார்டை உருவி, 'ஒரே இருப்பில்' என்பதைக் குறுக்கே அடித்து, 'ஒரு நாளில்' என்று எழுதினார். மிச்சக் கார்டுகளையும் திருத்தும் வேலை, விதியை மீறியதற்குத் தண்டனையாக ஸ்மிஜாவுக்கே கிடைத்தது. இவ்வளவு சந்தோஷமாக அவள் எந்தத் தண்டனையையும் வாங்கியதில்லை.

ஆறு மணிக்கு விலாசினி கஞ்சியும் பயறும் எடுத்துக்கொண்டு வந்தார். கட்டிலருகே புதிதாகத் தொங்கிய மருந்துப் பையைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். நான் சொல்லட்டுமா என்று ஸ்மிஜா கண்ணாலேயே மாமனாரைக் கேட்டாள். அவர் வேண்டாமென்று தலையசைத்தார்.

"விலாசினி, இங்க உட்காரு."

"சொல்லுங்க, நின்னுக்கிட்டே கேக்குறேன்."

நிற்பதைப் பற்றித்தான் பேச்சு என்று அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? சுகதன் எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு, நாலு, மழைக்கு அஞ்சு, ஏழு வருடம், பின்பக்க வாசல். எதையும் விடவில்லை. ஸ்மிஜா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்து வரப்போகிற இடி யார் தலையில் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியவில்லை.

இடி விழவில்லை. விலாசினி கஞ்சித் தூக்கைக் கீழே வைத்தார். மெல்லக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அப்போ இந்தக் கை ஆடுறது?"

"அது அதனாலதான்னு டாக்டர் சொல்றா. மருந்து கொடுத்தா நின்னுடுமாம்."

"குடியினாலதானா? வேற ஒண்ணும் இல்லையே?"

"வேற ஒண்ணும் இல்ல."

"வெறும் குடிதானா?"

மகளிர் மதுவிலக்குச் சமிதியின் துணைத் தலைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். விஷயம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வந்தது. சுகதனின் மூத்த சகோதரருக்கு உடம்பு நடுங்கும் நோய் வந்து, ஆறு வருடம் படுக்கையில் கிடந்து, கடைசியில் ஒரு வாய் தண்ணீர்கூட விழுங்க முடியாமல் இறந்தார். அவருக்குப் பணிவிடை செய்தது விலாசினிதான். இரண்டு வருடம் முன்பு கணவரின் கை ஆடத் தொடங்கியபோது, அதே நோய்தான் வந்துவிட்டது என்று முடிவு கட்டிக்கொண்டார். வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை. தனியாக ஆலப்புழை வரை போய் ஒரு நரம்பு டாக்டரைப் பார்த்திருக்கிறார்.

"உங்க வீட்டுக்காரர் குடிப்பாரான்னு முதல் கேள்வியே கேட்டான் அந்த டாக்டர்." விலாசினி மூக்கைத் துடைத்தார். "யாரைப் பார்த்து என்ன கேக்குறேன்னு சண்டை போட்டுட்டு எழுந்து வந்துட்டேன். இருந்து கேட்டிருந்தா ரெண்டு வருஷம் தூங்கியிருப்பேன்."

சுகதன் மெதுவாக அவர் கையைத் தேடினார். விலாசினி அந்தக் கையைத் தட்டிவிட்டார். உடனே, எலும்பு முறிந்த ஆளாயிற்றே என்ற நினைப்பு வந்து, தானே எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நடந்து வீட்டுக்கு வாருங்கள், மிச்சத்தை அங்கே பேசிக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னார். சுகதனுக்கு ஆபரேஷனை விட அதுதான் பயமாக இருந்திருக்கும்.

பிறகு விலாசினி திரும்பி, நடுவில் ஆளே வைக்காமல், மருமகளின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"மோளே, இந்த மருந்துக்குக் கஞ்சி கொடுக்கலாமா?"

ஸ்மிஜா தூக்கைத் திறந்து பார்த்தாள். கொடுக்கலாம்மா, கொஞ்சம் ஆறவைத்துக் கொடுங்கள் என்றாள்.

ஏழு மணிக்கு நாடி தொண்ணூற்றாறு. கை முழுக்க நிற்கவில்லை, ஆனால் கரண்டியைப் பிடிக்கும் அளவுக்கு அடங்கியிருந்தது. விலாசினி கஞ்சி ஊட்டுவதும், அவர் தானே குடிப்பேன் என்று அடம்பிடிப்பதுமாக இருந்தார்கள். ஸ்மிஜா திரையை மூடிவிட்டு வெளியே வந்து, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். அன்று காலையிலிருந்து அவள் உட்கார்ந்தது அப்போதுதான். உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. தப்பித்தோம் என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டாள்.

அனுரூப்பின் போன் வந்தது. ஆபரேஷன் தள்ளிப்போனதை அறிந்து பதறிப்போயிருந்தான். ஸ்மிஜா ஒன்று விடாமல் சொன்னாள், பின்பக்க வாசல் கதை வரைக்கும். அதற்கு அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். மஸ்கட்டிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. லைன் போய்விட்டதா என்று பார்த்தாள், போகவில்லை.

"ஸ்மிஜா."

"சொல்லுங்க அனுச்சேட்டா."

"அந்தக் கார்டுல, ஒரு நாளைக்கு எத்தனை வரைக்கும் பரவாயில்லன்னு போட்டிருக்கு?"

திருத்துவதற்காகக் கொண்டுவந்த கார்டுக் கட்டு அவள் மடியில் இருந்தது. அவள் புதிதாக ஒன்றை உருவி, முழங்காலில் வைத்து, பேனாவைத் திறந்தாள். கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அவனாகவே கேட்டுவிட்டானே என்ற நிம்மதிதான் முதலில் வந்தது.

"உட்கார்ந்தது, நின்னது, படுத்தது, எல்லாத்தையும் சேர்த்துச் சொல்லுங்க. நான் எழுதிக்கிறேன்."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அவன் போனை வைக்கவில்லை.